மாதிரிக் கப்பலுக்குப் பட்டி வளைப்பது: தண்ணீரைவிடச் சூடுதான் முக்கியம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இது உங்கள் முதல் மாதிரிக் கப்பல். கப்பல் உடலை மூட ஒட்டும் மெல்லிய மரக் கீற்றுகளை, அதாவது 1.5 மி.மீ கனம், 5 மி.மீ அகலம் உள்ள லைம் மரப் (எலுமிச்சை அல்ல, லிண்டன் மரம்) பட்டிகளை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டும் அணியத்தில், அதாவது கப்பலின் மூக்குப் பக்கம் வளைக்கும்போது, படக்கென்று உடைகின்றன. உடையாமல் தப்பிய இரண்டு மூன்று பட்டிகளும் ஒட்டிய பிறகு ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இன்னும் எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம், அம்மோனியா கலந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டாதீர்கள், குறைத்துவிடுங்கள். அம்மோனியாவும் வேண்டாம். உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்: உடைவது ஒன்று, ஓரம் தூக்குவது இன்னொன்று. முதலாவது சூடு காட்டினால் தீரும். இரண்டாவது மூக்கு வளைவை எவ்வளவு நன்றாக வளைத்தாலும் தீராது, ஏனென்றால் அங்கே கோளாறு பட்டியின் வடிவத்தில் இருக்கிறது. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தூக்குகிற ஓரத்தைப் பசையாலும் கிளாம்பாலும் அமுக்கப் பார்த்து மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

மரத்தை ஒரு கட்டு நார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நார்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பசை மாதிரியான பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சாதாரண வெப்பநிலையில் அது கெட்டி. சூடேறினால் இளகும், அப்போது நார்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் நகர முடியும், அந்த நிலையில் வளைத்து அப்படியே ஆறவிட்டால் லிக்னின் மறுபடி கெட்டியாகி நார்களைப் புது இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மரம் வளைவது என்றால் நடப்பது இவ்வளவுதான். தண்ணீர் இதில் துணைக்கு வருகிறது: ஈரமான மரத்தில் லிக்னின் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், காய்ந்த மரத்தில் அதற்கு இன்னும் நிறையச் சூடு வேண்டும், மரம் கருகும் எல்லைக்குப் பக்கத்திலேயே போய்விடுவோம். ஈரம் சூட்டை உள்ளே கொண்டுபோகவும் செய்கிறது. ஆனால் பச்சைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் லிக்னின் பெரிதாக இளகாது. பட்டி கொஞ்சம் கூடுதலாக வளையும், விட்டதும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பும், அல்லது உடையும். 1.5 மி.மீ பட்டிக்குப் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஊறினால் தாராளம். அதற்கு மேல் போனால் உப்பி, மேற்பரப்பில் நார் எழும்பி, பிறகு தேய்த்துச் சரிசெய்யும் வேலைதான் மிச்சம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு கட்டிலிருந்து இரண்டு துண்டு எடுங்கள். இரண்டையும் அரை மணி ஊறவையுங்கள். ஒன்றை அப்படியே ஒரு கண்ணாடிச் சீசாவைச் சுற்றி வளைத்துக் கட்டுங்கள், இன்னொன்றை இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் சூடுகாட்டிக்கொண்டே அதே வளைவுக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். மறுநாள் இரண்டையும் அவிழ்த்துப் பாருங்கள். எது எவ்வளவு திரும்பிப் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

சரி, ஏன் உடைகிறது? பட்டியை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. மரத்துக்கு இழுபடப் பிடிக்காது. சூடும் ஈரமும் ஏறிய மரம்கூட நீளவாக்கில் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் நீளாது. ஆனால் அதே மரம் நல்ல ஜாதியாக இருந்து நன்றாக இளகியிருந்தால் நூற்றுக்கு இருபத்தைந்து வரைகூட உட்பக்கமாகச் சுருங்கிக் கொடுக்கும். உங்கள் பட்டியை 20 மி.மீ ஆரமுள்ள மூக்கில் வளைப்பதாக வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து வெளித்தோல் 0.75 மி.மீ தள்ளி இருக்கிறது, ஆக வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 3.7 சதவீதம் இழுபட வேண்டும். அவ்வளவு தாங்காது, உடையத்தான் செய்யும். இதே வளைவில் முதல் அடுக்கின் மேல் ஒட்டும் 0.5 மி.மீ கனமுள்ள இரண்டாம் அடுக்குப் பட்டி 1.2 சதவீதம்தான் இழுபடுகிறது, அதனால்தான் அது கையாலேயே போய்விடுகிறது. இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. மூக்குக்கு வரும் கடைசி 4, 5 செ.மீ நீளத்தில் மட்டும் பட்டியின் உட்பக்கத்தைத் தேய்த்து 1 மி.மீ ஆக்கிவிட்டால் பாதிப் போராட்டம் அங்கேயே முடிந்துவிடும். வெளியே தெரியவே தெரியாது.

இன்னொரு வழி, வெளிப்பக்கத்தை நீளவிடாமல் பிடித்துக்கொண்டு உட்பக்கத்தை நசுங்கவைப்பது. மைக்கேல் தோனெட் 19-ஆம் நூற்றாண்டில் வளைந்த மர நாற்காலிகளை ஆயிரக்கணக்கில் செய்தது இதை வைத்துத்தான்: வளையும் கட்டையின் வெளிப்பக்கத்தில் ஒரு உலோகப் பட்டையைப் படியவைத்து இரண்டு நுனிகளிலும் இறுக்கிவிடுவார்கள், மரம் நீள வழியில்லாமல் உள்பக்கமாகச் சுருங்கும். நம் அளவுக்கு மெல்லிய பித்தளைத் தகடோ டின் தகடோ ஒரு கீற்று போதும். பட்டியின் வெளிப்பக்கத்தில் அதை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சூட்டின் மேல் வளைத்துப் பாருங்கள். வெளித்தோலில் சிம்பு எழுவது கண்ணெதிரே குறையும்.

கையில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். சூடுதர எது வேண்டுமானாலும் இருக்கலாம்: பட்டி வளைக்கவென்றே விற்கும் வட்டத் தலை வைத்த சால்டரிங் அயர்ன், முடி சுருட்டும் கருவி, சின்ன இஸ்திரிப் பெட்டி. கெட்டில் ஆவி மெல்லிய பட்டிக்கு ஆகும், ஆனால் ஆவியிலிருந்து எடுத்துக் கப்பலுக்குக் கொண்டுபோவதற்குள் பட்டி ஆறிப்போகிறது, அதனால் எனக்கு அதில் திருப்தி இல்லை. நான் வைத்துக்கொள்ளும் சூடு 150 முதல் 180 டிகிரிக்குள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுர்ரென்று கொதித்து ஆவியாக வேண்டும், காய்ந்த மரத் துணுக்கை வைத்தால் உடனே பழுப்பாகக் கூடாது.

ஊறிய பட்டியைத் துடைத்துவிட்டு, எந்த முகம் உட்பக்கமாகப் போகிறதோ அதைச் சூட்டின் மேல் வையுங்கள். உட்பக்கம்தானே நசுங்க வேண்டியது, அதுதான் நன்றாக இளக வேண்டும். லேசாக, ஒரே அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதலில் ஆவி வரும், பட்டி விரலை எதிர்த்துத் தள்ளும். வலுக்கட்டாயம் செய்யாமல் காத்திருங்கள். சில நொடிகளில் அந்த எதிர்ப்பு திடீரென்று தளர்ந்து, பட்டி வெண்ணெய் மாதிரி விரலோடு வரும். அந்த ஒரு கணத்தைக் கை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், பிறகு வெப்பமானி எதுவும் வேண்டாம். வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, சூட்டிலிருந்து எடுத்து, அப்படியே பத்துப் பதினைந்து நொடி கையில் பிடித்திருங்கள். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். ஆறும்போதுதான் வளைவு நிலைக்கிறது. ஆவி நின்றுவிட்டால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி ஈரத்துணியால் ஒரு தடவு தடவிவிட்டுத் தொடருங்கள்.

நிஜக் கப்பல் தச்சர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி. அதே கணக்கை உங்கள் 1.5 மி.மீ பட்டிக்குப் போட்டால் மூன்றரை நிமிடம் வருகிறது. நம் பட்டிகளுக்கு எவ்வளவு கொஞ்சம் சூடு போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வளைப்பதற்கு முன்னால் பட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி. கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு பட்டியின் பக்கவாட்டு விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். ரேகைகள் பட்டியின் நீளத்தோடு கடைசிவரை ஓடினால் அது மூக்குக்கு. ரேகை சாய்ந்து 3, 4 செ.மீ-க்குள் மேல் முகத்திலிருந்து கீழ் முகத்துக்கு வெளியேறினால், அந்த இடத்தில் நார் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள், எவ்வளவு சூடு காட்டினாலும் சரியாக அங்கேதான் பிளக்கும். அதையெல்லாம் நேராகப் போகும் நடுப்பகுதிக்கு ஒதுக்குங்கள். மர ஜாதியும் முக்கியம். லைம், பாஸ்வுட் இரண்டும் நல்ல பிள்ளைகள். பேரி, மேப்பிள், செர்ரி சொன்னபடி கேட்கும். பாக்ஸ்வுட் கெட்டியாக இருந்தாலும் சூட்டுக்கு அழகாக வளையும். நல்ல வால்நட் வளையும், ஆனால் வால்நட் என்ற பெயரில் கிட்களில் (கப்பல் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டிகளில்) வருவதில் கரடுமுரடான ரேகை உள்ளது சிம்பு சிம்பாகப் பிரியும். மஹோகனி வகைகள் சட்டென்று முறியும். கருங்காலியை வளைக்க நினைக்கவே வேண்டாம். சூளையில் உலர்த்திய மரத்தைவிடக் காற்றில் உலர்ந்தது நன்றாக வளையும் என்பதும் உண்மை, ஆனால் கிட்டில் வருவதைத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு இல்லை.

அம்மோனியாவைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் கலக்காத திரவ அம்மோனியா மரத்தை நிஜமாகவே இளக்கும், ஆனால் அது ஆலையில் தக்க பாதுகாப்போடு கையாள வேண்டிய பொருள். சுத்தம் செய்ய விற்கும் அம்மோனியாக் கரைசல் பெரும்பாலும் தண்ணீர்தான், அது மரத்தை அப்படி இளக்காது, மூச்சுத்தான் முட்டும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள மரங்கள் நிறமும் மாறிவிடும். வளைவின் உட்பக்கத்தில் வரிசையாகக் கீறல் போடும் நிப்பர் என்ற கருவியும் எனக்குப் பிடிக்காது. கீறிய இடங்களில் பட்டி மடங்குகிறதே தவிர வளைவதில்லை, வெளியே சின்னச் சின்ன முகங்களாகத் தெரியும். மேலே இன்னொரு அடுக்கு வருமென்றால் பரவாயில்லை.

இப்போது காயவைக்கும் விஷயம். என் முதல் கப்பலில் நான் செய்த தவறு இது. வளைத்த பட்டிகளை ஈரத்தோடேயே ஒட்டினேன், ஒட்டிய அன்றைக்கு மயிரிழைகூட இடைவெளி இல்லை. பத்து நாளில் பட்டிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. மரம் நீளவாக்கில் சுருங்குவது அற்பம், அகலவாக்கில் சுருங்குவதுதான் அதிகம். நன்றாக ஊறிய 5 மி.மீ லைம் பட்டி காயும்போது அகலத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ வரை இழக்கும். பன்னிரண்டு பட்டி அடுக்கினால் மொத்தம் 3 மி.மீ காணாமல் போகிறது. அதனால் சூட்டில் வளைத்தபின், இடத்தில் பொருத்திக் கிளாம்போ குண்டூசியோ வைத்து, பசை இல்லாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் எடுத்து விளிம்பைச் சரிபார்த்து, அப்புறம் ஒட்டுங்கள். அவசரம் என்றால் ஹேர் டிரையர் காட்டலாம்.

ஓரம் தூக்குவதற்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கப்பல் உடலின் அழகு முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஒரு காகிதக் கீற்றை 5 மி.மீ அகலத்தில் வெட்டி, கப்பலின் நடுவில் ஒரு நுனியை ஒட்டிவிட்டு, பல்க்ஹெட்டுகளின் (கப்பலுக்கு உருவம் தரும் குறுக்குச் சட்டங்களின்) மேல் இழுக்காமல் தானாகப் படியவிட்டு மூக்குவரை கொண்டுபோங்கள். நீங்கள் நினைத்த இடத்துக்கு அது போகாது. மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ விலகிப் போய், முன் பட்டியின் மேல் ஏறும் அல்லது இடைவெளி விடும். அதை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் ஒரு ஓரம் தூக்கும். உங்கள் மரப்பட்டியும் இதையேதான் செய்கிறது. பட்டியைத் தட்டையாக வளைப்பது எளிது, முறுக்குவதும் எளிது. அகலவாக்கில், அதாவது வாழைப்பழம் மாதிரி பக்கவாட்டில் வளைப்பதுதான் கஷ்டம். கணக்குப் போட்டால் 5 மி.மீ அகலமும் 1.5 மி.மீ கனமும் உள்ள பட்டிக்குப் பக்கவாட்டு விறைப்பு தட்டை விறைப்பைப் போலப் பதினோரு மடங்கு. அதனால் பட்டி பக்கவாட்டில் வளைவதற்குப் பதில் முறுக்கிக்கொண்டு, ஒரு ஓரத்தைத் தூக்கித் தப்பித்துக்கொள்கிறது.

நிஜக் கப்பல்களில் இந்தத் தொல்லையைத் தச்சர்கள் எதிர்கொண்டது பலகையை வளைத்து அல்ல, வெட்டி. அகலமான பலகையிலிருந்து வேண்டிய வளைவோடேயே பட்டியை அறுத்து எடுத்தார்கள். தட்டையாக விரித்துப் பார்த்தால் அந்தப் பலகைகளில் பல ஒரு பக்கம் வளைந்து, நுனி குறுகி இருக்கும், நேர்ப்பட்டி குறைவு. நமக்குக் கிட்டில் நேர்ப்பட்டி வருகிறது, செய்வதற்கு மலிவு என்பதால். ஆகவே வடிவத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை நுனியைக் குறுக்குவது. நடு பல்க்ஹெட்டில் மேல் கோட்டிலிருந்து கீல் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வரை ஒரு காகிதக் கீற்றால் அளந்தால் 60 மி.மீ என்று வைத்துக்கொள்வோம், அங்கே 5 மி.மீ பட்டி பன்னிரண்டு போகும். அதே அளவை மூக்கில் எடுத்தால் 36 மி.மீதான் இருக்கும். பன்னிரண்டு பட்டியும் அங்கே போக வேண்டும், ஆக ஒவ்வொன்றும் 3 மி.மீ-க்குக் குறுக வேண்டும். ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் இப்படி அளந்து வகுத்து, பென்சிலால் குறித்துக்கொண்டு, பட்டியின் ஒரு ஓரத்தைக் கத்தியாலும் சின்ன இழைப்புளியாலும் இழையுங்கள். இடது, வலது இரண்டு பட்டியையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் இழைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். குறுக்காமல் முழு அகலப் பட்டியையே மூக்குக்குத் தள்ளும்போதுதான் ஒன்றையொன்று ஏறித் தூக்குகிறது. உங்கள் கப்பலில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

குறுக்குவதற்கும் எல்லை உண்டு. முழு அகலத்தில் பாதிக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ-க்குக் கீழே போகவேண்டி வந்தால் கூர் நுனியாகச் சீவிவிடாதீர்கள். ஒரு பட்டியை முன்பே நிறுத்திவிட்டு, பக்கத்துப் பட்டியில் ஒரு படி வெட்டி, இரண்டின் இடத்தையும் ஒரே பட்டி எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். பின்பக்கத்தில் நேர்மாறாக இடம் விரியும், அங்கே ஆப்பு மாதிரி ஒரு கூடுதல் துண்டு சேர்க்க வேண்டியிருக்கும். கீலை ஒட்டிய முதல் பட்டியை மூக்கில் ரொம்ப மேலே ஏறவிடாதீர்கள். அது ஏறிவிட்டால் அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பட்டியும் இன்னும் அதிகமாகப் பக்கவாட்டில் வளைய வேண்டிவரும்.

குறுக்கிய பிறகும் மிச்சமிருக்கும் வளைவைப் பக்கவாட்டில் சூடுகாட்டி எடுக்கலாம். பட்டியின் ஒரு நுனியை ஒரு தட்டைப் பலகையில் கிளாம்ப் செய்து, மறுநுனியை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலான வளைவில் இன்னொரு கிளாம்ப் போடுங்கள். வளைகிற இடம் மேலெழும்பப் பார்க்கும், அங்கே குறுக்கே ஒரு கட்டையை வைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தோ ஹீட் கன் காட்டியோ ஒன்றிரண்டு நிமிடம் சூடேற்றி, முழுக்க ஆறும்வரை கை வைக்காமல் விடுங்கள். 4, 5 மி.மீ அகலப் பட்டிக்கு இது நன்றாக வேலை செய்யும். வரிசையும் முக்கியம்: முதலில் பக்கவாட்டு வளைவு, அப்புறம் முறுக்கு, கடைசியில் மூக்குக்கான தட்டை வளைவு. தலைகீழாகச் செய்தால் வளைந்த பட்டியைப் பலகையில் படியவைக்கவே முடியாது. எல்லாம் முடிந்தபின் பட்டியைக் கப்பலில் வைத்தால், இரண்டு விரல் அழுத்தத்தில் தானாக உட்கார வேண்டும். அதற்கு மேல் பலம் கொடுக்க வேண்டியிருந்தால் பசையை எடுக்காதீர்கள், பட்டியை மறுபடி சூட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முன்பக்கப் பல்க்ஹெட்டுகளின் விளிம்புகளைக் கப்பலின் வளைவுக்கு ஏற்பச் சாய்வாகத் தேய்த்தீர்களா? தேய்க்காமல் விட்டால் பட்டி ஒரு முனையின் மேல்தான் உட்காரும், அங்கே மடிப்பு விழும். மெல்லிய ஒரு பட்டியை வளையவிட்டு எல்லாப் பல்க்ஹெட்டுகளின் மேலும் ஓட்டிப் பாருங்கள், எங்கும் தூக்காமல், எங்கும் குழி விழாமல் படிய வேண்டும். மூக்கில் முதல் இரண்டு பல்க்ஹெட்டுகளுக்கு நடுவே பால்சா கட்டை வைத்து நிரப்பி வடிவமாகத் தேய்த்துவிட்டால் பட்டிக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும், மூக்கு வேலை பாதியாகக் குறையும். பட்டிகளை ஒரே பக்கத்தில் அடுக்கிக்கொண்டு போகாமல் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள், இல்லையென்றால் கீல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒட்டித் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு மூன்று பட்டிகளை அப்படியே விடாதீர்கள், அடுத்து வரும் ஒவ்வொரு பட்டியும் அந்தக் கோணலையே தொடரும். வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு தூரிகையால் இணைப்பில் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, திரும்பவும் தடவி, மெல்லிய கத்தியை உள்ளே நுழைத்தால் விட்டுவரும். சூப்பர் க்ளூ என்றால் அசிட்டோன் வேண்டும். இரண்டும் தீப்பற்றும், அதனால் சூட்டுக் கருவியை அணைத்து, அது ஆறிய பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கழற்றிய பட்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம். மிச்சப் பசையைச் சுரண்டிவிட்டு, மேலே சொன்ன இரண்டு விரல் உணர்வு வரும்வரை அவற்றிலேயே சூட்டில் பழகுங்கள், புதுப் பட்டியை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.